அலமாரிக்குள் ஒட்டகச்சிவிங்கி

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, பழைய வீடுகளின் முன்னறைக் கண்ணாடி அலமாரிக்குள் இன்றைக்கும் சில இடங்களில் ஓர் ஒட்டகச்சிவிங்கி நிற்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எத்தியோப்பியாவுக்கோ கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ சாம்பியாவுக்கோ பள்ளிக்கூடத்து சாராக வேலைக்குப் போய்வந்தவர்களின் வீடுகள் அவை. பொம்மை ஒரு முழ உயரம் இருக்கும். கழுத்து எப்போதோ ஒடிந்து பசை போட்டு ஒட்டியிருக்கும். கருங்காலி மரம் என்றுதான் வாங்கியவர் சொல்லியிருப்பார். தலைகீழாகத் திருப்பிக் காலடியைச் சுரண்டினால் பலவற்றில் வெளிறிய மரம் தெரியும். சாதா மரத்தில் செதுக்கி, செருப்புக்குப் போடும் கறுப்புப் பாலீஷைத் தேய்த்து விற்பது அங்கத்தைய சந்தைகளில் பழைய பழக்கம். அலமாரிக் கதவைத் திறந்தவுடன் வரும் பாச்சை உருண்டை வாசனையோடு அந்தக் காலமும் சேர்ந்து வெளியே வரும். வரிக்குதிரைத் தபால்தலை ஒட்டிய நீலநிற விமானக் கடிதங்கள், விடுமுறைக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன சிங்கக் கதைகள், கேட்டுக்கொண்டிருந்த அயல்வீட்டுப் பிள்ளைகள். கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களுக்குக் காட்டுவிலங்கு என்ற எண்ணம் இரண்டு திசையிலிருந்து வந்தது. ஒன்று கிழக்கே தெரியும் அகத்தியமலையிலிருந்து இறங்கி வந்தது. மற்றது கடல்தாண்டி, பாலீஷ் பூசிக்கொண்டு வந்தது. இரண்டாவது முதலாவதை மெல்ல மெல்ல மறைத்துவிட்டது என்பதுதான் என் கவலை.

மறைத்தது ஒரே நாளில் நடந்ததல்ல. மலையாளம் படிக்கத் தெரிந்த நம் பக்கத்து வீடுகளில் எஸ்.கே. பொற்றேக்காட்டின் ஆப்பிரிக்கப் பயண நூல்கள் வாசகசாலையிலிருந்து வந்து போயின. அவற்றில் ஒன்றுக்குப் பெயரே ‘சிம்ஹபூமி’. பிறகு தொலைக்காட்சியில் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கரையின் ‘சஞ்சாரம்’ வந்தது. அதன் தொடர்ச்சியாக ‘சஃபாரி’ என்ற பெயரிலேயே ஒரு சேனல் வந்தது. சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல், பயணம் என்று பொருள். அரபு மொழியின் ‘சஃபர்’ அதற்கு வேர். பயணம் என்ற பொதுச்சொல், ஜீப்பின் கூரையைத் திறந்து நின்று சிங்கம் பார்ப்பது என்ற ஒரே பொருளுக்குச் சுருங்கியது உலகம் முழுவதும் நடந்தது, நம் ஊரிலும் நடந்தது. இப்போது வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கிருந்தே நைரோபிக்கு விமானம் ஏறுகிறார்கள். செரங்கெட்டியும் மசாய் மாராவும் கூட்டமாகிவிட்டன என்று, இன்னும் தள்ளி, இன்னும் ஆளில்லாத காடு எது என்று தேடுகிறார்கள். ஆப்பிரிக்கக் காட்டைப் பார்க்கப் போவதில் தவறே இல்லை. காடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற ஒரு படத்தை அங்கிருந்து கொண்டுவந்து நம் மலைமேல் மாட்டியதுதான் தவறு. அந்தத் தவறுக்குச் சிங்கங்கள் விலை கொடுத்தன, நாமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படித் தள்ளியிருக்கும் காடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், ஒரு பக்கம் தெற்கு சூடான், மறுபக்கம் கென்யா என்று எல்லைகள் நெருங்கும் இடத்தில், கரமோஜா பகுதியில் கிடேப்போ பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 1,442 சதுர கிலோமீட்டர். தலைநகர் கம்பாலாவிலிருந்து சாலைவழியே போனால் ஒரு முழுநாள் போய்விடும். எருமைக் கூட்டமும் யானையும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் உள்ள புல்வெளி அது. நாருஸ் பள்ளத்தாக்கில் தண்ணீர் நிற்கும்; கிடேப்போ ஆற்றிலோ வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல்தான். அந்த மணலாற்றின் கரையில் நிற்கும் மரம் எது தெரியுமா? பனை. நம் பனைக்கு உடன்பிறந்த இனம். அறிவியலில் இரண்டுக்கும் பேரினப் பெயர் ஒன்றே, பொராசஸ். ‘கிடேப்போ’ என்ற பெயரே அந்தப் பனையிலிருந்து வந்தது என்கிறார்கள். அந்தப் பகுதி மொழியில் கீழே கிடப்பதைப் பொறுக்குவதற்கு ‘அகிடெப்’ என்று சொல்வார்கள். விழுந்த பனம்பழத்தைப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் புளிக்கவைத்துப் பானம் இறக்க மக்கள் வந்த இடம் அது. அக்கானியும் கருப்பட்டியும் தெரிந்த விளவங்கோட்டுக்காரருக்கும் நெய்யாற்றின்கரைக்காரருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பனங்காடு என்றால் அங்கே மனிதக் கால்தடம் இருக்கும்.

ஆனால் இன்றைக்குப் பயணிகளுக்கு விற்கப்படும் கிடேப்போவில் அந்தக் கால்தடம் இல்லை. தொடப்படாத ஆப்பிரிக்கா என்றுதான் விளம்பரம். 1958இல் பிரிட்டிஷ் நிர்வாகம் அந்தப் பள்ளத்தாக்கை வேட்டைக் காப்பிடமாக அறிவித்தது. 1962இல் அது தேசியப் பூங்கா ஆனது. அங்கே மாடு மேய்த்த தோதோத் மக்களும், வேட்டையாடியும் காட்டில் பொறுக்கியும் வாழ்ந்த இக் என்ற சிறு இனமும் வெளியேற்றப்பட்டார்கள். வேட்டை நிலத்தை இழந்த இக் மக்கள் மலைச்சரிவில் விவசாயிகளாக வேண்டியிருந்தது. பஞ்ச காலத்தில் அவர்கள் பட்ட பாட்டைக் காலின் டர்ன்புல் என்ற மானுடவியலாளர் எழுதப்போய், அந்த மக்களையே இரக்கமற்றவர்களாகக் காட்டிவிட்டார் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. செரங்கெட்டியிலும் இதே கதைதான். 1959இல் மசாய் மக்களை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஆளில்லாத காடு இயற்கையாக அமைந்ததல்ல, ஆளை எடுத்ததால் அமைந்தது. இதைச் சொல்வதால் பூங்காவே வேண்டியதில்லை என்று பொருளாகாது. அந்த எல்லை போட்டிருக்காவிட்டால், பிற்பாடு வந்த போர்களிலும் துப்பாக்கிப் பெருக்கத்திலும் அங்கே ஒரு யானைகூட மிஞ்சியிருக்காது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் வலு இருக்கிறது. 1972இல் பிரிட்டிஷ்காரரான இயன் ராஸிடமிருந்து பொறுப்பை ஏற்ற பால் சாலி என்ற உகாண்டாக்காரர் அங்கே முதல் ஆப்பிரிக்கத் தலைமைக் காப்பாளர் ஆனார்; மிக மோசமான ஆட்சியிலும் அந்தக் காட்டைக் காக்கப் பாடுபட்டவர்கள் உள்நாட்டு ஊழியர்கள்தான். இன்று உகாண்டாவின் சட்டம் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழி, தாமதமாகவாவது, அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

கிடேப்போ காப்பிடமான அதே 1958இல்தான் நெய்யாறு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. 128 சதுர கிலோமீட்டர். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1956 நவம்பர் 1ஆம் தேதி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவில் கோடு விழுந்தது. ஒரே சந்தை, ஒரே பேச்சு, பெண்ணெடுத்துக் கொடுத்த உறவு எல்லாம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆயின. மலைக்கு மட்டும் அந்தக் கோடு எட்டவில்லை. அகத்தியமலை 1,868 மீட்டர் உயரத்தில் நின்று மேற்கே நெய்யாற்றையும் கிழக்கே தாமிரபரணியையும் இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தது. நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி, நெய்யாற்றின்கரை ஊரைத் தொட்டு, பூவாறில் கடலில் விழுகிறது. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது. 2004க்குப் பிறகு அந்தத் தண்ணீர் நின்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. இரண்டு மாநிலம் தண்ணீருக்கு மல்லுக்கட்டிய காலத்தில், தண்ணீரைத் தரும் காட்டைப் பற்றி இரண்டு பக்கத்து ஊர்களிலும் எத்தனை பேர் பேசினார்கள் என்பதுதான் இங்கே என் கேள்வி. அணையைத் தெரியும், ஷட்டரைத் தெரியும், கால்வாயைத் தெரியும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்றால், சிங்கம் இருக்கிறது என்றார்கள்.

சிங்கம் உண்மையிலேயே இருந்தது. நெய்யாற்று நீர்த்தேக்கத்துக்குள் மரக்குன்னம் என்று ஒரு தீவு. 1984இல் அங்கே நான்கு சிங்கங்களை விட்டு லயன் சஃபாரி பார்க் தொடங்கினார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களைக் கேட்டால் சுற்றுலா என்றால் அதுதான். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டிலிருந்து காட்டாக்கடை வழியாக ஆனவண்டி. பக்கவாட்டில் இரண்டு யானைகள் முன்கால் தூக்கி நிற்கும் அரசுப் பேருந்துக்கு அந்தப் பெயர். அணையில் இறங்கினால் படகு. தீவில் கம்பிவலை அடித்த வண்டி. வண்டி மெதுவாகப் போகும்போது ஜன்னல் பக்கத்துக்குப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். மர நிழலில் படுத்துக் கிடக்கும் சிங்கம் ஒருமுறை தலையைத் தூக்கிவிட்டால் போதும், அந்த வருடம் முழுக்கப் பேச அது போதுமானதாக இருந்தது. அணையை ஒட்டிய கள்ளிக்காட்டுப் பக்கத்து வீடுகளுக்கு அந்திநேரத்துக் கர்ஜனை பழகிப்போயிருந்தது. தென்னிந்தியக் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததற்குச் சான்று கிடையாது. ஆசியச் சிங்கம் இன்று காட்டில் வாழ்வது குஜராத்தின் கிர் பகுதியில் மட்டும். திருவிதாங்கூர் மழைக்காட்டின் ஒரு தீவில் கேட்ட அந்தக் குரல், செரங்கெட்டியின் படத்தை இங்கே நட்டுவைத்ததன் குரல்.

நட்டது வேர் பிடிக்கவில்லை. அந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 4 ஹெக்டேர். நம் கணக்கில் பத்து ஏக்கர், ஒரு நடுத்தர ரப்பர் விளை அளவு. செரங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். சிங்கங்கள் பெருகி ஒரு கட்டத்தில் 17 ஆயின. இடம் போதாமல் கருத்தடை செய்ய வேண்டியதாயிற்று. பிறகு ஒவ்வொன்றாக வயதாகியும் நோயுற்றும் செத்தன. சிங்க சஃபாரிக்குக் குறைந்தது 20 ஹெக்டேர் வேண்டும் என்பது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் நெறி. நெய்யாற்றுத் தீவால் அதை ஒருகாலும் எட்ட முடியாது. 2020 அக்டோபர் கடைசியில், வயநாட்டில் பிடித்துக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்த ஒரு புலி கூட்டிலிருந்து தப்பி, அணைக்கரை ஊர்களைக் கதிகலங்க வைத்தது. மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். 2021இல் பிந்து என்ற கடைசிப் பெண்சிங்கம் இறந்தது. அதோடு கர்ஜனையும் நின்றது. அணைப் பக்கத்து முதலை மையத்துக்கு ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி நாயகர் ஸ்டீவ் இர்வினின் பெயரைச் சூட்டியதும் இதே மனப்போக்கின் இன்னொரு கிளை. நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட முதலைகள் பெருகி, குளிக்கவும் துணி துவைக்கவும் இறங்கியவர்களைத் தாக்கிய கொடுமை அந்தக் கரையில் இன்னும் மறக்கப்படவில்லை. தொலைவில் உள்ள காட்டின் ஒரு துண்டை வெட்டி இங்கே ஒட்டினால், விலங்குக்கும் நல்லதல்ல, மனிதருக்கும் நல்லதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேட வேண்டாம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது லேசான மறுப்பல்ல. நைரோபிக்குப் போகக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தீவுதானே சிங்கத்தைக் காட்டியது, அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல உனக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். அந்த மகிழ்ச்சி உண்மை. ரப்பர் பால் வெட்டியும் செங்கல் சூளையில் வேலை செய்தும் கூலி கொண்டுவந்த வீட்டில் பத்து ரூபாய் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்பியது பெரிய காரியம். நான் குறைசொல்வது அந்தப் பிள்ளைக்குக் காட்டப்படாமல் விட்டதை. வண்டி நின்ற இடத்திலிருந்து கிழக்கே பார்த்தால் அகத்தியமலைத் தொடர் கண்ணெதிரே நிற்கும். அந்த மலையில் யானை இருக்கிறது, காட்டெருமை இருக்கிறது, வரையாடு இருக்கிறது, கரடி இருக்கிறது, எங்காவது புலியும் இருக்கிறது. இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தீவைச் சுற்றிக் காட்டித் திரும்ப அழைத்து வந்தார்கள். பத்து ஏக்கருக்குள் கிடந்த வடநாட்டு விலங்கு காடாகவும், ஆறு பிறக்கும் மலை வெறும் பின்னணியாகவும் அந்தப் பிள்ளையின் மனத்தில் பதிந்தது. அந்தப் பிள்ளைக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. வாக்களிக்கிறார், வீடு கட்டக் கல் வாங்குகிறார், பஞ்சாயத்தில் உட்கார்கிறார்.

அடுத்த மறுப்பு இன்னும் நேரானது: நம் காட்டில் ஒன்றும் கண்ணில் படாதே. உண்மைதான். புல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துச் சிங்கத்தையும் பார்க்கலாம். மழைக்காட்டில் இருபதடி தள்ளி நிற்கும் ஆனையைப் பார்க்க முடியாது. மோந்து பார்த்துத்தான், ஒடிந்த ஈற்றையைப் பார்த்துத்தான் அது இருப்பதை அறிய வேண்டும். இந்தக் காடு கண்ணுக்கு மட்டும் ஆனதல்ல. இங்கே உச்சிக்கிளைகளில் வெடிப்பலா காய்க்கும். முள்ளு முள்ளாக, சிறு பலாக்காய் போல. அதை நம்பி வாழ்கிறது சிங்கவால் குரங்கு, தமிழில் சோலைமந்தி. முகத்தைச் சுற்றிச் சாம்பல்நிறப் பிடரி, வால்நுனியில் சிங்கத்துக்கு உள்ளதுபோல் ஒரு குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. எழுபதுகளில் இந்த மலைத்தொடரின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் குரங்கின் பின்னாலேயே அலைந்து எழுதிய ஆய்வு, அந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்ற குரலுக்குப் பெரிய பலமாக இருந்தது. வெளிநாட்டவர் நம் சோலைமந்தியைத் தேடி வந்த அதே காலத்தில் நாம் தீவுக்குள் சிங்கத்தை விட ஆயத்தமானோம். இந்த மலையில் மட்டுமே தானாக வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே செடி சேகரித்த கர்னல் ட்ரூரியின் பெயரால் அழைக்கப்படுகிறது. மஞ்சள் பூ, செருப்பின் முன்பாகம் போன்ற இதழ். அதன் அழகே அதற்கு எமனாகி, பறித்து விற்றே அது அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. உலகம் முழுவதும் உள்ள சிங்கங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அந்தப் பூ எவ்வளவோ அரியது. அதன் பெயரைச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் எத்தனை?

அறிந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். காணிக்காரர் என்று நாம் சொல்லும் காணி மக்கள் கோட்டூர், அம்பூரி மலைகளிலும், கோட்டுக்கு அந்தப்புறம் பேச்சிப்பாறை, பாபநாசம் மலைகளிலும் வாழ்கிறார்கள். தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சு எந்த மாநிலத்துக்கும் முழுதாகச் சொந்தமில்லை. தேனும் ஈற்றையும் மூங்கிலும் மருந்துவேரும் கொண்டு அவர்கள் சமவெளிக்கு இறங்கிவந்த காலத்தில், எல்லையோர வீடுகளில் ஒரு சுளவும் ஒரு கூடையும் காணிக்காரர் கைப்பின்னலாக இருந்தது. பிளாஸ்டிக் முறம் வந்ததும் அந்த வரத்து குறைந்தது. மலை வாசற்படிக்கு வந்துபோன வழக்கம் போயிற்று. ஓணத்துக்கு முன் திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைக்கு மலையில் விளைந்த காய்கனிகளும் தேனும் கொண்டுபோய்க் கொடுக்கும் மரபை மட்டும் இன்னும் விடவில்லை. அவர்களுடைய நோய்தீர்க்கும் சடங்கில் சாற்றுப்பாட்டு பாடும்போது கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசுவார்கள். சுருட்டிய இரும்புக் குழல், விளிம்பு அரம் போல வெட்டுவெட்டாக இருக்கும். இரும்புக் கோலால் தேய்த்தால் பல் கூசும் ஓர் ஓசை எழும்பும். இரவு முழுக்க அந்த ஓசைமேல் பாட்டு நிற்கும். 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக்குப் போன ஆய்வுக்குழுவினர், தங்களுக்கு வழிகாட்டிய காணிகள் சிறு பழம் ஒன்றைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் ஏறுவதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியபச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது; கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்து, கிடைத்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று தீர்மானித்தது; 1997இல் அதற்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலக நாடுகளின் மாநாடுகளில் இதை எடுத்துக்காட்டினார்கள். உகாண்டாவின் 20 சதவீதத்தைவிட இது ஆழமான ஒப்புதல்; காட்டில் இருப்பவருக்கு நிலத்தில் மட்டுமல்ல, அறிவிலும் உரிமை உண்டு என்று சொன்ன ஒப்புதல். அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன, பணம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஆனாலும் காட்டை எப்படி மதிப்பது என்பதற்கு நம் மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு பிறந்தது.

விவசாயி கேட்பார்: மரச்சீனியையும் வாழையையும் பன்றி ராத்திரியோடு ராத்திரியாகக் குத்திக் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது, நீ பூவையும் குரங்கையும் பற்றிப் பேசுகிறாயே என்று. அந்தக் கோபம் நியாயமானது. வாழை வைத்தவனுக்கு இழப்பீடு பாதிதான் வருகிறது, அதுவும் நடையாய் நடந்தபிறகு. 2022இல் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கேரளம் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததற்கு இந்தக் கோபம்தான் காரணம். அதே வருடம் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டல வரைவு அறிவிப்பு வந்தபோது அம்பூரி, கள்ளிக்காடு பக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. எந்த வீடு உள்ளே, எந்த வீடு வெளியே என்று சொல்லாமல் வரைபடம் போட்டால் யாரும் எதிர்ப்பார்கள். 2023இல் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற ஆனையைப் பெரியாற்றுக்குக் கொண்டுபோய், அது கம்பத்துக்குள் புகுந்ததும் மறுபடி பிடித்து, மேல்கோதையாற்றுக் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஒரு ஆனையால் எல்லையின் இருபக்கமும் பல மாதம் தூக்கம் கெட்டது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: காட்டை மறந்ததற்கும் விலை உண்டு, அது வாழைத்தாரைவிடப் பெரியது. 2001 நவம்பரில் அம்பூரியில் மழையோடு மலைச்சரிவு இறங்கி முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காடு இருந்த சரிவில் ரப்பருக்காகப் படிப்படியாக வெட்டிய தட்டுகள் தண்ணீர் வடியும் வழியை அடைத்ததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். அந்த மண் நெய்யாற்றின் மேல்கரை மண். கீழே குடிக்கிறவர்கள் நாம்.

அப்படியானால் எல்லோரும் மலை ஏறுங்கள், ஜீப் விடுங்கள் என்கிறாயா என்று கேட்டால், இல்லை. அகத்தியக்கூடத்துக்கு ஜனவரி பாதியிலிருந்து சில வாரங்கள்தான் வழி திறக்கிறார்கள். போணக்காட்டிலிருந்து நாளொன்றுக்கு நூறு பேர் என்ற கணக்கு. பெண்கள் ஏறக் கூடாது என்றிருந்த தடையைக் கேரள உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது; 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். அளவு வைத்துத் திறப்பது நல்ல முறை, அதைத் தளர்த்தக் கூடாது என்பது என் கருத்து. மலையுச்சிக்கு எல்லோரும் போக வேண்டியதில்லை. பாறசாலையிலும் தனுவச்சபுரத்திலும் விளவங்கோட்டிலும் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாளாவது காட்டோரத்தில், காணி ஒருவரின் சொல் கேட்டு நடந்தால் போதும். கோட்டூர் காப்புக்காட்டில் தாயைப் பிரிந்த ஆனைக்குட்டிகளை வளர்க்கும் மையம் இருக்கிறது; அங்கே காலையில் ஆற்றில் குளிப்பாட்டும்போது குட்டியின் முதுகில் முட்கம்பி போல நிற்கும் மயிரைப் பிள்ளை பார்க்கட்டும். கட்டிப்போட்ட ஆனையைக் காட்டுவது காட்டைக் காட்டுவதாகாது என்பார்கள், சரிதான். ஆனால் அந்தக் குட்டி எந்தக் காட்டிலிருந்து, ஏன் தனியாக வந்தது என்று வழிகாட்டி அங்கேயே நின்று சொல்லிவிட்டால், தீவில் சொல்லாமல் விட்ட பாடம் அங்கே தொடங்கும். வழிகாட்டும் வேலைக்கும் அதன் கூலிக்கும் முதல் உரிமை காணி இளைஞர்களுடையதாக வேண்டும், அதையும் எழுதி வைக்க வேண்டும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 3,500 சதுர கிலோமீட்டர், இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து. கன்னியாகுமரி மாவட்டத்துக் காடும் 2008இல் சரணாலயமாகி, 402 சதுர கிலோமீட்டர் அந்தப் பக்கத்தில் நிற்கிறது. களியக்காவிளையில் சோதனைச்சாவடி இருக்கலாம். பிள்ளைகளுக்கான காட்டுப் பாடத்துக்கு அது தேவையில்லை. இரு பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் ஒரே மலையை ஒரே நாளில் படிக்கலாம்.

ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் போகட்டும், சேமித்த காசில் உலகம் பார்ப்பது நல்ல செலவு. கிடேப்போவுக்குப் போனால் ஆற்றங்கரைப் பனைகளின் கீழே சற்று நிற்க வேண்டும். இங்கே பழம் பொறுக்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கட்டணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று வழிகாட்டியிடம் கேட்க வேண்டும். தங்கும் விடுதியை அந்த ஊர்க்காரர்கள் நடத்துகிறார்களா என்று பதிவு செய்வதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். திரும்பி வரும்போது பொம்மை வாங்கினால், செதுக்கியவரிடமே வாங்கினால் நல்லது. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்கும் தகுதி, தன் ஆற்றின் தலைக்காட்டைத் தெரிந்தவருக்குத்தான் முழுதாக உண்டு. கம்பாலாவுக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். நெய்யாற்றின்கரை ஸ்டாண்டிலிருந்து காட்டாக்கடைக்கு ஆனவண்டி இருக்கிறது. காட்டாக்கடையிலிருந்து கோட்டூருக்கு இன்னொன்று.